மூச்சுக்குக் காவல்

அத்தியாயம் பதினொன்று

"சட்டையைப் போடுங்க" என்றாள் பூங்கோதை.

"பனி கொட்டுது" என்றான் ராஜாக்கண்ணு.

"மார்கழியில பனி கொட்டாம பஞ்சாமிர்தமா கொட்டும்? போடுங்கன்றேன்."

அவன் கட்டிலின் விளிம்பில் குந்தியிருந்தான். கைகளை முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கி, தன் மூச்சைத் தானே ஒட்டுக்கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தான். எதிரே ஆணியில் காக்கிச் சட்டை தொங்கியது. கஞ்சி போட்டு, கரி இஸ்திரி வைத்து, பித்தளைப் பொத்தான் வரைக்கும் துலக்கி வைத்திருந்தாள் அவள்.

காவலூருக்கும் ஆலங்காயத்துக்கும் ஓடுகிற அந்தத் தனியார் பஸ்ஸை ராஜாக்கண்ணு மாதிரி ஓட்ட ஆளில்லை என்று மலையிலும் சொல்வார்கள், அடிவாரத்திலும் சொல்வார்கள். சொன்னது ஆடி மாசம் வரைக்கும். ஆடியில் ஒருநாள் மலைப்பாதையில் இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவனுக்கு இழுப்பு கண்டது. உதடு நீலம் பாரிக்க, வண்டியைப் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலையோரமாக அணைத்து நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தான். யாருக்கும் நகக்கீறல்கூட இல்லை. ஆலங்காயத்து டாக்டரம்மா ஊசி போட்டாள். ஒரு வாரத்தில் நெஞ்சு தெளிந்துவிட்டது.

நெஞ்சுதான் தெளிந்தது. ஆள் தெளியவில்லை.

அதிலிருந்து வீட்டை விட்டு நகரமாட்டேன் என்றான். ஜன்னலைத் திறந்தால் குளிர் என்பான், சாத்தினால் அடைக்கிறது என்பான். மிளகாய் தாளிக்கக் கூடாது. பக்கத்துக் களத்தில் சாமை அடித்தால் தூசி வருகிறதென்று வெளியே போய் ஊரோடு சண்டை பிடிக்க வேண்டியவள் பூங்கோதை. "எப்படி இருக்குது?" என்று கேட்டால் எரிந்து விழுவான். கேட்காவிட்டால் "நான் செத்தாலும் உனக்கென்ன" என்பான். பள்ளிக்கூடம் போகிற மகள் அப்பனைப் பார்த்தாலே சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் முதலாளி ஆதிநாராயணன் நல்லவர். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? இன்று முதல் நடை எடுக்காவிட்டால் வேறு ஆள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "வர்றேன்" என்று ராஜாக்கண்ணு தலையாட்டியதைப் போன வாரம் பார்த்தோம். ஆட்டிய தலை ராத்திரி முழுக்கத் தலையணையில் படவில்லை. அது பூங்கோதைக்குத் தெரியும். அவளும்தான் தூங்கவில்லையே.

"இந்தாடா ராஜா, வாயைத் தொற."

சமையல்கட்டிலிருந்து சாந்தம்மாள் வந்தாள். ராஜாக்கண்ணுவின் அக்கா. தம்பி மறுபடி வண்டி எடுப்பதைக் கண்ணால் பார்க்கவென்று நேற்றே ஆலங்காயத்திலிருந்து ஏறி வந்தவள். வரும்போது ஒரு பை நிறைய வைத்தியத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னா அண்ணி அது?"

"கருங்குரங்கு லேகியம். சந்தையில ஒருத்தன் வித்தான். இழுப்பு இருந்த எடம் தெரியாம ஓடிப்பூடுமாம்."

"குரங்கைக் கண்டு ஓடுதா, வெலயைக் கண்டு ஓடுதா?"

"உனக்கு எல்லாம் எகத்தாளம்டி. இவனுக்கு வந்திருக்கறது சீக்கே இல்ல. கண்ணு. ஸ்டைலா வண்டி ஓட்டினான் இல்ல, ஊருக் கண்ணு முச்சூடும் இவன் மேல. இவன் இடுப்புல தாயத்து கட்டி வுட்டிருக்கறேன் பாரு."

ஒருத்தி குரங்கைப் பிடிக்கிறாள், ஒருத்தன் மூச்சைப் பிடிக்கிறான், நான் எதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள் பூங்கோதை. சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, குழந்தைக்குப் போடுகிற மாதிரி அவன் கையைப் பிடித்து நுழைத்தாள். அவன் விரல்கள் நடுங்கின. பொத்தானை அவளே போட்டாள்.

"பொண்ணைப் பக்கத்து வூட்ல பாத்துக்குவாங்க. நானும் அண்ணியும் வண்டியிலயே வர்றோம். உங்க பின்னாலயே உக்காந்திருக்கோம். போதுமா?"

அவன் லேகியத்தை விழுங்கிவிட்டு எழுந்தான்.

காவலூர் நிறுத்தத்தில் பஸ் பனியில் நனைந்து நின்றது. தூரத்தில் நட்சத்திரம் பார்க்கிற நிலையத்தின் வெள்ளைக் கோபுரம் பாதிதான் தெரிந்தது. கண்டக்டர் காசி ஓடிவந்து, "அண்ணே, வா அண்ணே" என்று கையைப் பிடித்தான். புளிக்கூடையோடு காத்திருந்த மலைக்காரப் பெண்கள் தங்களுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டார்கள். அதில் பச்சையம்மா என்ற கிழவி மட்டும் உரக்கவே சொன்னாள்:

"இழுப்புக்காரன் ஓட்டற வண்டியா? நான் அடுத்த நடையில வர்றேன் சாமி."

கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். ராஜாக்கண்ணுவுக்குக் கேட்டுவிட்டது. பூங்கோதைக்கு அவள் கூடையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

அது போதாதென்று பின் சீட்டில் சின்னராசு உட்கார்ந்திருந்தான். வாணியம்பாடிப் பக்கம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"நீ எங்கய்யா இங்க?" என்றாள் பூங்கோதை.

"சும்மாக்கா. ரோட்டைப் பாத்து வெச்சுக்கலாம்னு." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சும்மாவா? முதலாளி அனுப்பிய ஆள். முன்னால் ஒருத்தன் விழுந்தால் பின்னாலிருந்து ஒருத்தன் எழுந்து வர வேண்டும். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது.

ராஜாக்கண்ணு ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. காசி விசிலடித்தான். சாந்தம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

வண்டி நகர்ந்தது. நன்றாகத்தான் நகர்ந்தது. கியர் மாற்றுகிற கை பழைய கைதான். தோட்டங்களைத் தாண்டி, கரும்பாறை வளைவைத் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கிற இடம் வந்தது. இடது பக்கம் மலை. வலது பக்கம் அதல பாதாளம், அடியில் பனி பாலாய்த் தேங்கிக் கிடந்தது. பூங்கோதை தன் மூச்சையே மறந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடரியில் வியர்வை வழிந்தது. இந்தக் குளிரில்.

திடீரென்று பிரேக் கிறீச்சிட்டது. புளிக்கூடைகள் சரிந்தன. வண்டி மலையோரமாக நின்றது. ராஜாக்கண்ணு கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, ரோட்டோரப் பாறையைப் பிடித்துக் குனிந்து நின்றான். வாயைத் திறந்து திறந்து காற்றை வாரிக் குடித்தான்.

"ஐயோ, என் தம்பி!" சாந்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னேனே, கண்ணுன்னு சொன்னேனே!"

பூங்கோதை ஓடிப்போய் அவன் முதுகில் காதை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான முதுகு அது. இழுப்பு வந்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு விசில் கேட்கும். எத்தனையோ ராத்திரி அந்த விசில் அடங்கும்வரை சுடுதண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று விசில் இல்லை. நெஞ்சு தறி மாதிரி அடித்தது. மூச்சு தாறுமாறாய் ஓடியது. ஆனால் விசில் இல்லை.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. ஆடியிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"உனக்கு ஒண்ணுமே இல்ல! கேக்குதா? நெஞ்சுல சத்தமே இல்ல! எல்லாம் நடிப்பு! இன்னாத்துக்குய்யா என்னை இப்பிடி வதைக்கிறே? வேலைக்குப் போவ இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போ! நான் கல்லு ஒடைச்சாவது கஞ்சி ஊத்தறேன். இந்த நாடகம் மட்டும் வேணாம், எனக்குத் தாங்கல!"

பஸ்ஸிலிருந்த அத்தனை தலையும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. புருஷனை அவள் 'நீ' என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. 'யா' போட்டுக் கேட்டதே இல்லை. ராஜாக்கண்ணு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திருப்பித் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சின்னராசு பின் சீட்டிலிருந்து எழுந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறினான்.

"அண்ணே, நீ உள்ள வந்து உக்காரு அண்ணே" என்று காசி கெஞ்சினான்.

ராஜாக்கண்ணு தலையை அசைத்தான். மாட்டேன்.

"நீங்க போங்க" என்றாள் பூங்கோதை. "நாங்க வர்றோம்."

"எப்பிடிடி வருவீங்க? நடந்தா?" சாந்தம்மாள் ஜன்னலில் பாதி உடம்பு வெளியே நீட்டிக் கத்தினாள். "நான் போயி டாக்டரம்மாகிட்ட சொல்லி வெக்கிறேன்! தாயத்தை அவுத்துடாதடா!"

வண்டி வளைவில் மறைந்தது. அவள் குரல் மட்டும் கொஞ்ச நேரம் மலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். பூங்கோதைக்குக் கோபம் ஆறவில்லை, வெட்கம் மட்டும் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. ஊர் முன்னால் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் கத்தாமல் எப்படி?

ராஜாக்கண்ணு கால்சட்டைப் பையில் கையை விட்டான். ஒரு காகிதப் பொட்டலம். அதிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துத் தண்ணீரில்லாமலே விழுங்கினான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றை எடுத்தான்.

"இன்னாது? டாக்டரம்மா காலையில ஒண்ணு, ராவுக்கு ஒண்ணுன்னுதானே சொன்னாங்க?"

"வர்றதுக்கு முன்னாலயே போட்டுக்கிட்டா வராது."

"எது?"

"இழுப்பு."

"இது எத்தினியாவது?"

அவள் அவன் சட்டைப் பையில் கையை விட்டாள். அங்கேயும் ஒரு பொட்டலம். இடுப்புக் கயிற்றில் செருகி இன்னொன்று. தாயத்துக்குப் பக்கத்திலேயே.

"வூட்ல எனக்குத் தெரியாம இதான் பண்ணிக்கிட்டு இருக்கீங்களா? மருந்துக்கடைக்கு யாரு போனது?"

"காசிதான் வாங்கியாந்து குடுப்பான். அவனை ஒண்ணும் சொல்லாதே. எனக்குப் பயமா கீது பூங்கோத. எழுந்துக்கும்போது பயம், சாப்புடும்போது பயம். வரலைன்னாலும் வந்துடுமோன்னு பயம். இதைப் போட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அது அடிச்சுக்கறதைப் பாத்து மறுபடி பயம்."

அவள் அந்தக் கையிலிருந்த மாத்திரையைப் பிடுங்கினாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். குரல் யாரோ மூன்றாம் மனுஷனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

"இன்னிக்கி வண்டியை மூச்சுக்காக நிறுத்தல."

"பின்ன?"

"அந்தப் பள்ளம் கூப்புட்டுச்சு. ஸ்டியரிங்கை இம்மாத்தூண்டு வலது பக்கம் திருப்பினா எல்லாம் முடிஞ்சிடும், அப்பறம் மூச்சே விட வேணாம்னு தோணுச்சு. அப்பால கண்ணாடியில பாத்தேன். பின்னால நீ இருக்கறே. அக்கா இருக்குது. கூடைக்காரங்க இருக்கறாங்க. அதான் நிறுத்திட்டேன்."

பூங்கோதை பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். நடிப்பு என்று கத்தினேனே. அத்தனை பேர் முன்னால் கத்தினேனே. வண்டியிலிருந்த அத்தனை உயிரையும் மலையோரமாக அணைத்து நிறுத்தின ஆளைப் பார்த்து.

அவள் எழுந்து அவனுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வந்து உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாலயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். கேட்டது கோபமாகத்தான் வந்தது. அவளுக்கு வேறு எப்படியும் கேட்கத் தெரியவில்லை.

"சொன்னா நீ இன்னா சொல்லுவே?"

திட்டியிருப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

புளி ஏற்றிய லாரி ஒன்று முனகிக்கொண்டே இறங்கி வந்தது. பூங்கோதை நடுரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். டிரைவர் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே நிறுத்தினான். ராஜாக்கண்ணுவைப் பார்த்ததும், "அட, நம்ம ராஜா!" என்று கதவைத் திறந்துவிட்டான். இறங்குகிற வழி நெடுக ராஜாக்கண்ணு கண்ணை மூடியிருந்தான். அவன் கையை அவள் விடவில்லை.

ஆலங்காயத்து டாக்டரம்மாவின் வீட்டுத் தாழ்வாரத்தில் சாந்தம்மாள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் கிருஷ்ணன் நின்றிருந்தார். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். சாந்தம்மாள் பேசுகிற இடத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்ணுக்கு வாணியம்பாடியில் வரன் பார்த்து, தை பிறந்தால் நிச்சயம் என்று வைத்ததுகூட அவள்தான். அவர் "சரி" என்றதோடு சரி.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ராஜாக்கண்ணுவின் முதுகு, மார்பு எல்லாம் குழாய் வைத்துக் கேட்டாள். நாடியைப் பிடித்தாள். பூங்கோதை மேஜைமேல் மூன்று பொட்டலங்களையும் வரிசையாக வைத்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இதையெல்லாம் எப்பப்ப போட்டீங்க?"

"பயம் வர்றப்பல்லாம்."

"இது மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்துய்யா. அளவுக்கு மேல போட்டா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போயிடும். அதைப் பார்த்து இழுப்புதான் வருதுன்னு நீங்க இன்னொண்ணு போட்டிருக்கீங்க. தீயை அணைக்க எண்ணெயை ஊத்தின கதை." அவள் பொட்டலங்களைத் தன் இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். "இன்னிக்கு இங்கதான் இருக்கணும். நெஞ்சு அடங்கற வரைக்கும் நான் பார்த்துக்கணும்."

"அப்ப இழுப்பு இல்லையா டாக்டரம்மா?" என்றாள் பூங்கோதை.

"இருக்கு. போகவும் போகாது. ஒழுங்கா மருந்து சாப்பிட்டா அடங்கி இருக்கும். ஆனா அது எப்ப வருமோன்னு ராப்பகலா காவல் காக்கறது இருக்கு பாருங்க, அது தனி வியாதி. அதுக்கு நாம யாருமே வைத்தியம் பார்க்கல. நானும்தான். இவர் வந்தப்பல்லாம் நெஞ்சைத்தான் கேட்டேன். தூங்கறீங்களான்னுகூடக் கேக்கல."

"காலையில எல்லார் முன்னாலயும் நடிப்புன்னு கத்திட்டேங்க."

"நடிப்பு இல்லம்மா. ஒரு தடவை மூச்சு நின்னு பார்த்தவனுக்கு அந்தப் பயம் நெசம்." பிறகு ராஜாக்கண்ணுவின் பக்கம் திரும்பி, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

வாசலில் நின்ற சாந்தம்மாள், "இன்னா கேள்வி இது? வாயைக் கழுவுங்க!" என்று உள்ளே வந்தாள்.

"தோணுதுங்க" என்றான் ராஜாக்கண்ணு.



"சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள் டாக்டரம்மா. "இனிமே தோணினா உடனே பூங்கோதைகிட்ட சொல்லணும். ராத்திரியா இருந்தாலும் எழுப்பிச் சொல்லணும். அம்மா, நீங்க இவரைத் தனியா விடாதீங்க. மாத்திரை உங்க கையிலதான் இருக்கணும். நாளைக்கே வேலூர் போங்க. அங்க மனசுக்குன்னே டாக்டர் இருக்கார். நான் சொல்லி வைக்கிறேன். இது சரியாகிற நோய்தான்."

வேலூர், மனசு என்ற இரண்டு வார்த்தையும் சேர்ந்து காதில் விழுந்ததும் சாந்தம்மாளுக்கு வேகம் வந்துவிட்டது. பூங்கோதையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? என் தம்பியவா?"

"டாக்டரம்மா பைத்தியம்னு சொல்லல அண்ணி."

"ஊரு சொல்லும்டி! தை பொறந்தா என் பொண்ணுக்கு நிச்சயம். மாமங்காரன் மனசு கலங்கி வேலூர்ல கெடக்கறான்னு தெரிஞ்சா எவன் வந்து பூ வைப்பான்? இழுப்புன்னு சொல்லு, டீபீன்னு வேணாலும் சொல்லு. இது மட்டும் வேணாம்."

"பொண்ணு நிச்சயத்துக்கு மாமன் உயிரோட வர வேணாமா?"

"இன்னாடி வார்த்தை இது!"

"அவரு வாயாலயே சொன்னாரே, கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? குரங்கு லேகியத்துக்குச் சரின்னேன். தாயத்துக்குச் சரின்னேன். ஆடியிலருந்து யாரு இன்னா சொன்னாலும் சரின்னேன். இதுக்கு மட்டும் உங்க பேச்சைக் கேக்கமாட்டேன். நாளைக்கு வேலூர் போறோம்."

சாந்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி எதிர்த்துப் பேசுவாள், எகத்தாளம் பேசுவாள். கடைசியில் சொன்னதைச் செய்துவிடுவாள். இன்று அப்படித் தெரியவில்லை.

"அப்ப என் வூட்டு வாசல்படி ஏறாதீங்க" என்றாள். "ரெண்டு பேரும். யோவ், வாய்யா போலாம்."

சேலையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கிருஷ்ணன் பின்னாலேயே வருவார் என்று அவளுக்குத் தெரியும். என்றைக்கு வராமல் இருந்திருக்கிறார்?

கிருஷ்ணன் போகவில்லை.

நெஞ்சு அடங்கட்டும், கொஞ்சம் காற்றாட உட்காருங்கள் என்று டாக்டரம்மா ராஜாக்கண்ணுவைத் தாழ்வாரத்து பெஞ்சுக்கு அனுப்பியிருந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அக்கா சொன்னதெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"போவ வேணாம் பூங்கோத" என்றான். "பஸ்ஸுல ஏறணும். அவ்ளோ ஜனம் நடுவுல போயி நிக்கணும். என்னால ஆவாது."

பூங்கோதைக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. இப்போதுதான் ஒரு சண்டையை முடித்தாள், அதற்குள் அடுத்ததா? பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் கூட வர்றேன்" என்றாள்.

"நீ உள்ள வருவியா? என்னை மட்டும் உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டா?"

"சாத்த மாட்டாங்க" என்றார் கிருஷ்ணன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கதவெல்லாம் சாத்த மாட்டாங்க மச்சான். பேரு குடுக்கற எடத்துலதான் கொஞ்சம் நெருக்கும். பயந்துக்காதே. அதைத் தாண்டி இடது கைப் பக்கமா போனா நீளமா ஒரு தாழ்வாரம் வரும். அங்க கூட்டம் இருக்காது. பெஞ்சுல உக்காந்துக்கோ. கூப்புட்டப்பறம் போனா போதும். டாக்டரு அதட்ட மாட்டாரு. இன்னா தோணுதோ சொல்லுன்னுவாரு. சொல்ல வரலைன்னா சும்மா உக்காந்திருப்பாரு. அழுதாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கிருஷ்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பூங்கோதை கேட்டதில்லை.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு எப்பிடி இதெல்லாம்..."

அவர் சுருட்டின துண்டைப் பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"சாமான் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வேலூர் போவேன் தங்கச்சி. கடைக்கு. பெரிய புள்ள தவறிப்போன வருஷம். எனக்குச் சோறு எறங்கல, கடையில தராசு புடிக்க முடியல. அந்த டாக்டருதான்..." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வூட்ல தெரியாது. சொல்லிடாதீங்க."

"எப்பய்யா போனே?"

குரல் வாசல்படியிலிருந்து வந்தது. புருஷன் பின்னால் வரவில்லையே என்று திரும்பி வந்த சாந்தம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் தெருமுனை வரை கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டும் கேட்காததுமாக இருந்தது.

"நானும் அதே வூட்லதானே இருந்தேன்" என்றாள். "எனக்கும் அவன் புள்ளதானே. எப்பய்யா போனே? என்கிட்ட ஏன் சொல்லல?"

கிருஷ்ணன் தூணைத் தேடிக் கை நீட்டினார்.

ராஜாக்கண்ணுதான் முதலில் அசைந்தான். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, அவர் முழங்கையைப் பிடித்தான்.

"உக்காரு மாமா" என்றான். "மெதுவா சொல்லலாம்."

சாந்தம்மாள் படியை விட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.